கொடைத் துணியும் கோடைச் சட்டையும்

அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 392ஆம் பாட்டாக அமைந்துள்ளது. வைகறையில் தடாரி இசைத்துத் தன் முற்றத்தில் நின்ற இரவலரின் கந்தலை, கேணிப் பாசியின் வேர் போலிருந்த அக்கந்தலைக் களைந்து, நுண்ணூற் கலிங்கத்தை அவன் உடுத்துவித்தான் என்று அப்பாட்டுக் கூறும். அதியர் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. இப்பாட்டை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வினா எழுவதுண்டு. அந்தக் கலிங்கம் அடுத்த கோடையில் என்னவாயிற்று? பொருநராற்றுப்படையில் வேற்றுநூல் நுழைந்து தைத்த கந்தல் பேசப்படுகிறது. சிலம்பின் புகார் நகரில் துன்னகாரர் வருகின்றனர். கொடுத்த கையை அப்பாட்டுகள் மறவாமல் பாடுகின்றன. துணி வந்து சேர்ந்த வீட்டில் ஊசி பிடித்தவளைப் பற்றி அங்கே பேச்சில்லை.

அவளை நான் அறிவேன். அரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், புளியமரத்தடி ஓட்டு வீட்டில், என் அன்னை வடிவில் அவள் இருந்தாள். 1980களின் பிற்பகுதி அது. எங்கள் வீட்டில் துணி விலைக்கு வாங்கியது அரிது; வந்த துணிகளே மிகுதி. திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு தரும் ரவிக்கைத் துண்டுகள், நகரத்திலிருந்த பெரியம்மாவின் நைந்த நூற்சேலைகள், 1983இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்படி பொங்கலுக்கு வந்த வேட்டியும் சேலையும் எனப் பலவாறாக அவை வந்தன. நோன்புப் பெருநாளன்று அடுத்த வீட்டார் தரும் பூப்போட்ட பருத்தித் துணி தனிச் சிறப்புடையது. உருது பேசும் அக்குடும்பத்து மூதாட்டியை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பின்பற்றி நாங்களும் 'காலா' என்றே அழைத்து வந்தோம். சிற்றன்னை என்பது அதன் பொருள். துணி வெட்டும் கலையை அம்மாவுக்குக் கற்றுத் தந்தவர் அவரே. "துணியை அளக்கும் முன் பிள்ளையை அளந்து பார், பேட்டி" என்பது அவர் வாய்மொழி.

இவையனைத்தும் மரப்பெட்டியில் உறங்கும். பங்குனி பிறந்ததும் பெட்டி திறக்கப்படும். கத்திரி வெயிலுக்கு முன் எங்கள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு உடுப்புகள் முடிந்தாக வேண்டும்: தங்கைகளுக்குக் கையில்லாத சிம்மீஸ், எனக்கு அரைக்கைச் சட்டை.

முதல் வேலை நனைத்தல். புதுத் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்துவார். தைத்தபின் சுருங்கினால் பயனில்லை என்பது காரணம். சேலையாயின் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பார்ப்பார். இடுப்பிலும் காலடியிலும் இழை தேய்ந்திருக்கும். முந்தானைப் பக்கம் உரத்தோடு இருக்கும். உரமான பகுதி தோளுக்கும் அக்குளுக்கும், மெலிந்தது கீழ்ப்பகுதிக்கும் போகும். பாவு இழை மேலிருந்து கீழாக ஓடும்படி துணியை வைத்தே வெட்டுவார். மாற்றி வெட்டினால் சட்டை தொங்கிப்போகும். கழுத்துப் பட்டிக்கு மட்டும் மூலைவாட்டில் வெட்டிய துண்டு வேண்டும். அதுதான் வளைவுக்கு இணங்கும். கீழ்மடிப்பில் நான்கு விரல் துணி உள்ளே ஒளிந்திருக்கும். அடுத்த ஆண்டு பிள்ளை வளர, மடிப்பைப் பிரித்து இறக்குவார். வெளுத்த பகுதிக்கும் வெளுக்காத பகுதிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேல் வண்ண நூலால் சங்கிலித் தையல் போட்டுவிட்டால், அது அழகுக்குச் செய்ததாகவே தோன்றும்.

அரசு வேட்டியில் அம்மா கத்தரிக்கோல் வைக்கும் முதலிடம் கரைதான். ஊரில் பாதிப் பேர் வீட்டில் அதே கரை. முந்தைய ஆண்டில் என் வகுப்பில் ஒருவன் கரையோடு தைத்த சட்டை அணிந்துவந்து, ஆண்டு முழுவதும் 'இலவசம்' என்றே அழைக்கப்பட்டான். அம்மா அதைக் கேட்டிருந்தார். கரையை நீளவாட்டில் கிழித்தெடுத்துத் தங்கைகளின் பாவாடைகளுக்கு நாடாவாக்கினார். எஞ்சிய வெள்ளைத் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தார்; அது இளமஞ்சள் ஏறி வந்தது. ரவிக்கைத் துண்டொன்றின் மிச்சம் சட்டைப்பை ஆயிற்று. அந்தச் சட்டையை அணிந்து பள்ளி சென்ற நாளில், எங்கே வாங்கியது என்றுதான் கேட்டனர். யார் கொடுத்தது என்று எவரும் கேட்கவில்லை. கொடையை இழிவென்று நான் எழுதவரவில்லை. நெசவாளர்க்கு வேலையும் எளியோர்க்கு உடையும் தந்த திட்டம் அது. ஆயினும் வாங்கியவன் மேல் கொடுத்தவன் முத்திரை நிற்பதை ஒரு தாய் பொறுக்கமாட்டாள்.

தைத்ததெல்லாம் காலா வீட்டுப் பொறியில்தான். பிற்பகலில் இரண்டு மணி நேரம் அம்மாவுக்கு உரியது. ஈடாக அவ்வீட்டுத் துணிகளின் காஜாவும் கைமடிப்பும் இரவு விளக்கில் எங்கள் வீட்டில் நடக்கும். பொறிகளைக் கடிந்த காந்தியடிகள், 1924இல் தில்லியில் இராமச்சந்திரன் என்னும் இளைஞர் வினவியபோது, சிங்கர் தையற்பொறிக்கு மட்டும் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்ட அன்பில் பிறந்தது அது என்பது அவர் கருத்து. வரலாறு எவ்வாறாயினும், அந்தக் கருத்து எனக்கு உவப்பானதே.

இப்போது துணிக்குக் குறைவில்லை. பெட்டி நிறைய ரவிக்கைத் துண்டுகள் வந்து குவிகின்றன; ஒரு வீட்டில் பெற்றதை அடுத்த வீட்டில் கொடுத்து, தைக்கப்படாமலே அவை ஊரைச் சுற்றுகின்றன. பெரும்பாலானவை பாலியெஸ்டர். இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. வியர்வை உடலிலேயே நிற்கும். தருமபுரியின் சித்திரையில் அதனைக் குழந்தைக்கு அணிவிப்பது கொடுமை.

சென்ற பங்குனியில் அம்மா பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துண்டிலும் ஓரிழை உருவித் தீக்குச்சியில் காட்டினார். உருகி மணியாய்த் திரண்டவை ஒருபுறம். காகிதம் போல் எரிந்து மென்சாம்பலானவை மறுபுறம், அவை மூன்றே. கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, என் மகளை அருகழைத்துத் தோளிலிருந்து முழங்கால்வரை சாணால் அளந்தார். மூன்று துண்டும் வாளியில் ஊறின.