மைனஸ் 16 மணி நேரம்!

‘எந்த லாங்வேஜ் படிச்சா வேலை நிச்சயம்?’ - ராத்திரி 11 மணிக்கு மேல எங்க ஹாஸ்டல்ல நடக்கிற பட்டிமன்றத்துக்கு இதுதான் நிரந்தரத் தலைப்பு! ஜாவா கோஷ்டி ஒரு பக்கம், பைத்தான் கோஷ்டி மறுபக்கம். நடுவுல, ‘இனிமே எல்லாத்தையும் ஏ.ஐ.யே எழுதிடும்டா’னு ஒரு ஞானி.

மூணாவது வருஷம் ஆரம்பிச்சதும் எனக்கு பயம் பிடிச்சுக்கிச்சு. டவுன்ல ஒரு கோச்சிங் சென்டர். மூணு மாசத்துல மூணு லாங்வேஜ், ஃபீஸ் 40 ஆயிரம். வீட்டுல சொன்னேன். அம்மா மறுபேச்சு பேசாம செயினை அடகு வெச்சுட்டாங்க.

பணத்தை வாங்க கோவைக்குப் போனப்பதான் அப்பா கேட்டார். “ஏன் கண்ணு, ஏற்கெனவே ரெண்டு படிச்சியே, அது என்னாச்சு?”

முதல் செமஸ்டர்ல பைத்தான், ரெண்டாவதுல சி. ரெண்டுலயும் பாஸ். ஆனா, புக்கைப் பார்க்காம சொந்தமா ஒரு ப்ரோகிராம்கூட எழுதினதில்லை. பதில் சொல்ல முடியலை.

அப்பா லேத் ஓட்டினவர், இப்போ சி.என்.சி. மெஷின்ல இருக்கார். “பட்டன்தான் புதுசு. எவ்வளவு கட் கொடுக்கணும்ங்கிறது பழசுதான்” என்றார்.

அவரோட ஓ.டி. கணக்கையே பைத்தான்ல எழுத உட்கார்ந்தேன். ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சு காலையில 6 மணிக்கு முடியிற ஷிஃப்ட்டுக்கு, ‘மைனஸ் 16 மணி நேரம்’னு காட்டுச்சு! நடு ராத்திரியில தேதி மாறும்கிறதை மறந்துட்டேன். சரி பண்ண ரெண்டு நாளாச்சு. அப்புறம் அதையே சி-யில எழுதினேன். ஒரே ராத்திரி!

அப்பதான் உறைச்சுது. சி, 1972-ல டென்னிஸ் ரிட்சி பெல் லேப்ஸ்ல உருவாக்கினது. லினக்ஸின் கெர்னல் இன்னமும் பெரும்பாலும் அதுலதான் இருக்கு. 1959-ல பிறந்த கோபாலை எல்லாரும் மறந்தாச்சுனு நினைச்சோம். 2020 கொரோனா நேரத்துல, அது தெரிஞ்சவங்க உதவிக்கு வாங்கனு அமெரிக்காவின் நியூஜெர்ஸி கவர்னரே கூப்பிட்டார். எது நிலைக்கும்னு யார் ஜோசியம் சொல்றது?

ஏ.ஐ. எழுதித் தரட்டும் பாஸ். அந்த மைனஸ் 16 தப்புனு கண்டுபிடிக்க ஓர் ஆள் வேணுமில்ல?

கோச்சிங் சென்டர்ல சேரலை. ஒரு மாச வட்டி தண்டம், செயின் அம்மா கழுத்துக்கே வந்துடுச்சு. வேலை கிடைக்குமா? தெரியாது. ஆனா, இப்போ பட்டிமன்றத்துல என்கிட்ட கேட்டா, ‘நீ ஏற்கெனவே பாஸான லாங்வேஜ்ல வீட்டுக் கணக்கு ஒண்ணை எழுதிட்டு வா, அப்புறம் பேசலாம்’னு சொல்றேன்.

பாதிப் பேர் தூங்கப் போயிடறாங்க!