கெடுக்கப் போய் ஹிட்டான பாட்டு

இங்கிலீஷ் பாட்டு கேட்டால்தான் கெத்து என்று நினைக்கும் கோஷ்டி ஒன்று எங்கள் ஹாஸ்டலில் உண்டு. நான் அதில் இல்லை. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பி.காம். முதல் வருஷம், வாயைத் திறக்கவே பயந்து கடைசி பெஞ்சில் ஒடுங்கிக் கிடந்த காலத்தில், ரூம்மேட் ஒரு ராத்திரி ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். ரேடியோஹெட் குழுவின் 'க்ரீப்'. வார்த்தைகள் பாதிதான் புரிந்தன. ஆனால் தான் வந்து சேர்ந்த இடத்துக்குத் தானே லாயக்கில்லை என்று ஒருத்தன் புழுங்குகிறான் என்பது முழுசாகப் புரிந்தது.

தாம் யார்க் இதை எழுதியது 1980களின் கடைசியில், இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் படித்தபோது. கிட்டத்தட்ட நம்ம வயசு!

1992ல் ஷான் ஸ்லேட், பால் கோல்டரி என்ற இரண்டு அமெரிக்கத் தயாரிப்பாளர்களிடம் வேறு பாட்டுகளைப் பதிவு செய்யத்தான் போனார்கள். அது சரியாக வரவில்லை. ஒத்திகையில் இதை வாசித்துவிட்டு, "இது எங்க ஸ்காட் வாக்கர் பாட்டு" என்கிற மாதிரி யார்க் ஏதோ சொல்ல, அவர்கள் நிஜமாகவே ஸ்காட் வாக்கர் என்ற பாடகரின் பாட்டு என்று நம்பிவிட்டார்களாம். அடடா, இவர்களுடைய நல்ல பாட்டு இரவல் சரக்கா என்று வருத்தம் வேறு! பிறகு சும்மா வாசிக்கச் சொன்னபோது, ஒரே டேக்கில் முடிந்தது. அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

கோரஸுக்கு முன்னால் கிதாரில் 'கர்ரக்.. கர்ரக்' என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் எனக்கு உயிர். கிதாரிஸ்ட் ஜானி கிரீன்வுட்டுக்குப் பாட்டு ரொம்ப அமைதியாகப் போவது பிடிக்கவில்லை. கெடுக்கலாம் என்றுதான் ஓங்கி அடித்தார். நடந்தது தலைகீழ் :-)

1992 செப்டம்பரில் சிங்கிள் வெளியானது. ரொம்ப சோகமாக இருக்கிறது என்று பிபிசி ரேடியோ 1 பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. விற்றது சுமார் 6,000 பிரதிகள், பட்டியலில் 78வது இடம். எங்கள் அக்கவுண்ட்ஸ் பாஷையில் வாராக்கடன். ஆனால் இஸ்ரேலில் ஒரு வானொலி அறிவிப்பாளர் விடாமல் ஒலிபரப்பி ஹிட்டாக்கினார். பிறகு அமெரிக்க வானொலிகள் பிடித்துக்கொண்டன. 1993ல் இங்கிலாந்தில் மறுபடி வெளியிட்டபோது 7வது இடம்!

இன்னொரு கணக்கும் உண்டு. ஹோலீஸ் குழு பாடிய ஒரு பழைய பாட்டின் சாயல் இதில் இருந்ததால், அதை எழுதிய ஆல்பர்ட் ஹாமண்ட், மைக் ஹேஸில்வுட் இருவர் பெயரும் இதில் சேர்ந்தன, ராயல்டியில் பங்கோடு.

போன இடமெல்லாம் அதே பாட்டைக் கேட்டால் யாருக்குத்தான் கடுப்பு வராது? அந்த வெறுப்பிலேயே 1994ல் 'மை அயர்ன் லங்' என்று ஒரு பாட்டு போட்டார்கள். கொஞ்ச வருஷம் கழித்து 'க்ரீப்'பை மேடையில் வாசிப்பதையே விட்டுவிட்டார்கள். 2001ல் சொந்த ஊர் ஆக்ஸ்ஃபோர்டில் திரும்ப வாசித்தது பெரிய செய்தி.

ரசிகர்கள் இதற்காக யார்க்கைத் திட்டுவார்கள். எனக்குக் கோபம் வராது. இப்போது மூன்றாம் வருஷம், நானே எழுந்து செமினார் எடுக்கிறேன். ரூம்மேட் இந்தப் பாட்டைப் போட்டால் அந்தக் கடைசி பெஞ்ச் பையன் வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறான். நிறுத்துடா என்று வாய் வரைக்கும் வரும். அதற்குள் அந்த 'கர்ரக்' வந்துவிடும்.