கட்டுத்தரைக்கு இணையம் கொண்டுபோன கரன்ட் ஒயர்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. அங்கே இருக்கும் பெரியவருக்கு 66 வயது. ஐந்து ஏக்கர் கொறங்காடு, ஒரு கிணறு, நான்கு உருப்படி மாடு. பிள்ளை என்று ஒரே மகள். கட்டிக் கொடுத்தது திருப்பூரில். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. நிறைசினையாக இருந்த மயிலைப் பசு கன்று ஈன ஆரம்பித்தது அவருக்குத் தெரியவில்லை. பகலெல்லாம் வேலை, அசந்து தூங்கிவிட்டார். விடியற்காலை 5 மணிக்குப் போய்ப் பார்த்தபோது, கன்றின் ஒரு முன்னங்கால் உள்ளே மடங்கிச் சிக்கியிருந்தது. கால்நடை மருத்துவர் வந்து பசுவைக் காப்பாற்றினார். கன்று பிழைக்கவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. ஆனால், அதே பசு மறுபடி சினையாகி மாதம் நெருங்கியதும், கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போய்விட்டார்.

நான்காவது நாளே, இருட்டில் ஈரக் கல்படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. முழங்கால் வீங்கி, ஐந்து நாள் நடக்க முடியாமல் கிடந்தார்.

“ஏனுங்க, மாட்டப் பாக்கறேன்னு நீங்க விழுந்துட்டா, உங்கள ஆரு பாக்கறது?” என்று மனைவி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள், “கட்டுத்தரையில ஒரு கேமரா வெச்சரலாம்ப்பா. படுத்த இடத்துல இருந்தே போன்ல பாத்துக்கலாம்” என்றாள். வீட்டில் இணைய இணைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால், வைஃபை பெட்டி முன் ஆசாரத்தில். கட்டுத்தரை வீட்டுக்குப் பின்னால் 130 அடி தள்ளி. நடுவில் ஒன்றரை அடி கனத்தில் இரண்டு கல் சுவர்கள், ஒரு தகரக் கதவு. வைஃபை என்பது ரேடியோ அலை. கனமான சுவர் அதை உறிஞ்சிக்கொள்ளும், தகரம் திருப்பி அனுப்பிவிடும். சமையலறைக்கு அந்தப் பக்கம் போனாலே போனில் சிக்னல் கோடு ஒன்றுதான் நின்றது. கடைக்காரர் சொன்னபடி, சிக்னலைத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டியைச் சமையலறையில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு வந்து சேர்வதே அரைகுறை சிக்னல். அதைத்தான் அதுவும் திருப்பி அனுப்பியது. தனியாக லேன் கேபிள் இழுக்கலாம் என்றால், சிமென்ட் களத்தை உடைக்க வேண்டும்.

வழக்கமாக வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீஷியன்தான் வேறு வழி சொன்னார். “ஐயா, கட்டுத்தரைக்குத்தான் கரன்ட் ஒயர் போகுதுங்களே. அதுலயே இணையத்த அனுப்பலாமுங்க.”

“கரன்ட்டும் அதும் ஒண்ணா எப்படிப் போகும் தம்பி?”

“வாய்க்கால்ல தண்ணி ஓடறப்ப, மேல காகிதக் கப்பல் வுட்டா போகுதில்லீங்க, அப்படித்தான்.”

அவர் சொன்னதில் தவறில்லை. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. பவர்லைன் அடாப்டர் என்ற கருவி, அதே கம்பியில் விநாடிக்கு 20 லட்சம் முறைக்கும் மேல் அலையும் மெல்லிய சமிக்ஞையைச் சேர்த்து அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் ஜோடி அடாப்டர் அதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறது. இது புதிய யோசனையும் அல்ல. துணை மின்நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, உயர் அழுத்தக் கம்பிகளையே மின்வாரியங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. வீட்டு ஒயரில் இணையம் அனுப்புவதற்கும் 2010-லேயே ஐ.இ.இ.இ. 1901 என்ற சர்வதேசத் தரநிலை வந்துவிட்டது.

மகள் ஒரு ஜோடி அடாப்டரும், லேன் கேபிள் செருகும் வகை கேமராவும் வாங்கி வந்தாள். ஒன்றை வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலும், இன்னொன்றைக் கட்டுத்தரையிலும் செருகினார்கள். இணைப்பு விளக்கு எரியவில்லை. “காசு தண்டம்” என்று பெரியவர் எழுந்து போய்விட்டார்.

எலெக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. அந்த வீட்டுக்கு மும்முனை இணைப்பு. முன் ஆசாரம் ஒரு ஃபேஸில், கட்டுத்தரை வேறு ஃபேஸில். ஒரு வாய்க்காலில் விட்ட கப்பல் பக்கத்து வாய்க்காலில் எப்படி வரும்? கட்டுத்தரையின் விளக்கு லைனை மட்டும் ஆசாரத்தின் ஃபேஸுக்கு மாற்றினார். தீவனம் நறுக்கும் மிஷின் அதிக லோடு இழுக்கும் என்பதால், அதைப் பழைய ஃபேஸிலேயே விட்டார். அரை மணி நேர வேலை. விளக்கு எரிந்தது.

அதன் பிறகும் படம் நின்று நின்று வந்தது. ஆசாரத்தில் அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தார்கள். மின் ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் ஃபில்டர் உள்ள பெட்டி அது. அடாப்டரின் சமிக்ஞையையும் சேர்த்தே தடுத்தது. சுவர் பிளக்கில் நேராகச் செருகியதும் சரியானது. மிக்ஸி ஓடும்போது மட்டும் படம் தடுமாறும். ராத்திரியில் யாரும் மிக்ஸி ஓட்டுவதில்லை.

அட்டைப் பெட்டியில் 600 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருந்தது. அந்த வீட்டில் கிடைத்தது 20 எம்.பி.பி.எஸ்.தான். ஆனால், ஒரு கேமராவுக்கு 4 இருந்தாலே தாராளம். ஒரே ஃபேஸில் பக்கத்து வீடு இருந்தால் அங்கும் சமிக்ஞை கசியலாம் என்பதால், இரண்டு அடாப்டரிலும் இருக்கும் ஜோடி சேர்க்கும் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தி, தங்களுக்கென்று ரகசியக் குறியீடு போட்டுக்கொண்டார்கள். கட்டுத்தரை அடாப்டரை ஈரமும் எலியும் எட்டாத உயரத்தில் பொருத்தினார்கள்.

படம் வந்ததும் பெரியவருக்கு ஆசை கூடியது. “கிணத்து மோட்டாரையும் இப்படிப் பாக்கலாமா தம்பி?” என்று கேட்டார். முடியாது என்றார் எலெக்ட்ரீஷியன். கிணற்றுக்கு விவசாய இணைப்பு. அது தனி சர்வீஸ், தனி லைன். வீட்டுக் கம்பியோடு அதற்குத் தொடர்பு கிடையாது. மோட்டாருக்கு சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்தான் சரி.

இன்னொரு குறையும் சீக்கிரமே தெரிந்தது. ஒரு ராத்திரி கரன்ட் போனதும் படமும் போனது. இன்வெர்ட்டர் வீட்டுக்குள் இருக்கும் லைனுக்கு மட்டும்தான். பெரியவர் எழுந்து டார்ச்சை எடுத்தார். மனைவி தடுக்கவில்லை. ஊன்றுகோலைக் கையில் கொடுத்துவிட்டு, அவரும் பின்னாலேயே போனார்.

கார்த்திகையில் ஒரு நாள், அதிகாலை 3 மணி. பெரியவர் அன்றும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மனைவிக்கு விழிப்பு தட்டியது. போனை எடுத்துப் பார்த்தார். மயிலை படுப்பதும் எழுவதுமாக இருந்தது.

“எந்திரிங்க. மயிலைக்கு வலி கண்டுருச்சு.”

போய்ப் பார்த்தபோது பனிக்குடம் உடைந்திருந்தது. வெளியே ஒரு குளம்பு மட்டும் தெரிந்தது. இரண்டு முன்னங்காலும் அவற்றின் மேல் மூக்குமாக வருவதுதான் சரியான நிலை. பெரியவருக்குக் கை நடுங்கியது. போன வருஷமும் இதே கால்தான். பிடித்து இழுக்க அவர் முயலவில்லை. உடனே மருத்துவருக்குப் போன் போட்டார். மருத்துவர் வந்து, கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலை நிமிர்த்தி எடுத்தபோது மணி 5. கிடாரிக் கன்று. மயிலை அதை நக்கத் தொடங்கியது.

போன வருஷமும் அவர் அந்தக் கட்டுத்தரையில் நின்றது இதே 5 மணிக்குத்தான்.

திருப்பூரில் இருந்து மகள் போனில் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா எங்கம்மா?” என்று கேட்டாள். கேமராவில் அவர் தெரியவில்லை.

விந்தி விந்தி நடந்து, கட்டுத்தரையில் கிடந்த கயிற்றுக் கட்டிலைத் திண்ணைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்.