ஒரு தோலா உயிர்

அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவில் பேர்பாங்க்ஸ் என்றொரு நகரம். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் தரிசனம் தருவது சுமார் ஒன்பது நாழிகைதான். குளிரோ சில நாட்களில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கிவிடும்.

அந்தக் குளிரிலும் ஊரைவிட்டு அகலாத சிறு பட்சி ஒன்று உண்டு. கருந்தொப்பி அணிந்தாற் போன்ற தலையுடைய அதன் பெயர் சிக்கடி. எடை ஏறக்குறைய ஒரு தோலா. பகலில் உண்ட ஆகாரத்தைக் கொழுப்பாகச் சேர்த்து, இரவெல்லாம் அதையே விறகாக எரித்து உயிர் தரிக்கிறது. விறகுச் செலவைக் குறைப்பதற்காகத் தன் சரீர உஷ்ணத்தையும் சுமார் 10 டிகிரி தாழ்த்திக்கொள்ளுகிறது! பொழுது விடிகையில் சேமிப்பு அநேகமாகத் தீர்ந்திருக்கும்.

ஆதலின் அவ்வூரார் பலர் கொல்லைப்புறத்தில் சூரியகாந்தி விதையும் மாட்டுக் கொழுப்பும் தொங்கவிடுகிறார்கள். ரொட்டித் துணுக்கில் போதிய சத்தில்லை. விடிந்தவுடனும் அந்திக்கு முன்னும் அங்கே இரை இருத்தல் அவசியம். வேளை தவறிய அன்னம் அந்த உயிரைக் காவாது.