கல் கூறும் சாட்சியம்

புதைபடிவம் ஒன்றை விலைகொடுத்து வாங்குபவர் உண்மையில் எதை வாங்குகிறார்? கல்லையா? கல் தெருவிலேயே கிடக்கிறது. அழகையா? அதே விலைக்கு அதைவிட அழகிய சிற்பம் கிடைக்கும். அவர் வாங்குவது ஒரு சாட்சியத்தை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இத்தகைய உயிர் ஒன்று இருந்தது, இன்ன இடத்தில் மடிந்தது, சேற்றில் புதைந்து கல்லாயிற்று என்னும் சாட்சியம் அது. சாட்சி பொய்த்தால் கையில் எஞ்சுவது வெறுங்கல்; சிலவேளை கல்லுங்கூட அன்று, வார்த்தெடுத்த செயற்கைப் பிசின்.

நம் பங்கைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். மாணவர்கள் ஓராண்டாகச் சேர்த்த சில ஆயிரம் ரூபாய் அவரிடம் இருந்தது. நகரில் நடக்கவிருந்த கற்கள் கண்காட்சியில் டிரைலோபைட்டு ஒன்றை வாங்கிப் பள்ளியில் வைக்கவேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. கணுக்கணுவான ஓட்டுடன் கடலில் வாழ்ந்து, ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் அற்றுப்போன உயிரினம் அது. “ஏமாந்தால் பணம் போகும், அது கிடக்கட்டும், சுவாமி. போலியைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘பாருங்கள், இது மெய்’ என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிடுவேனே, அதுதான் அச்சமாயிருக்கிறது” என்றார். கற்களின்மேல் நமக்குள்ள நெடுநாள் ஈடுபாட்டை அவர் அறிவார். அவருக்குக் கூறியவற்றையே வாசகர்க்கும் கூற விழைகிறோம்.

பொய் மூன்று வகையில் வரும். முதலாவது, பொருளே பொய்யாயிருப்பது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் பெரிங்கர் என்னும் பேராசிரியரிடம் 1725-இல் இளைஞர் சிலர் விந்தையான கற்களைக் கொணர்ந்தனர். அவற்றில் தவளைகள் இருந்தன. வலையோடு சிலந்திகள் இருந்தன. எபிரேய எழுத்துகளில் இறைவனின் திருப்பெயரும் இருந்தது. மகிழ்ந்த பேராசிரியர் 1726-இல் அவை குறித்து நூலே வெளியிட்டார். அவருக்கு வேண்டாத உடன்பணியாளர் இருவரின் சூழ்ச்சியால் செதுக்கப்பட்டவை அவை என்பது பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. நாம் எதைக் காண ஏங்குகிறோமோ, அதையே கல் காட்டும்போது மும்மடங்கு ஐயுறவேண்டும்.

இரண்டாவது, பொருள் மெய், கதை பொய். மால்டா தீவில் கிடைத்த ‘நாக்குக் கற்கள்’, புனித பவுலடியாரால் கல்லாக்கப்பட்ட பாம்பு நாக்குகள் என்று நம்பப்பட்டு, நஞ்சுமுறி மருந்தாக விற்கப்பட்டன. நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் மருத்துவ அறிஞர் 1666-இல் ஒரு சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். அக்கற்கள் பண்டைச் சுறாக்களின் பற்களே என்று 1667-இல் எழுதினார். இவரே பின்னர் ஆயராகி, 1988-இல் அருளாளராக உயர்த்தப்பட்டவர். உண்மையைச் சொன்னதால் அவரது விசுவாசம் குன்றவில்லை.

மூன்றாவது, பொருள் மெய், இடம் பொய். இமயமலையில் கண்டெடுத்ததாக இந்தியப் பேராசிரியர் ஒருவர் பல்லாண்டுகள் எழுதிவந்த புதைபடிவங்களுள் பல, மொராக்கோ முதலிய அயல்நாடுகளிலிருந்து வந்தவை என்று ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் டேலண்ட் 1989-இல் எடுத்துக்காட்டினார். இடம் தவறினால் இமயத்தின் வரலாறே தவறிவிடும்.

இனி, கடையில் செய்யத்தக்கவை. உருப்பெருக்கி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பிசினில் வார்த்ததாயின் நுண்ணிய காற்றுக் குமிழிகளோ அவை விட்ட குழிகளோ தென்படும். கல் கைக்குக் குளிர்ந்தும் கனத்தும் இருக்கும், பிசின் அவ்வாறன்று. அச்சு அசலாக ஒன்றுபோல் மற்றொன்று அதே கடையில் இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. மொராக்கோவின் எர்பூது, அல்னிப் பகுதிகளில் எளிய தொழிலாளர் பாறையைப் பிளந்துதான் டிரைலோபைட்டைக் காண்கின்றனர். ஆதலால் மெய்யானவற்றில் பெரும்பாலும் ஒட்டிய விரிசல் ஒன்று பாறையிலும் உயிரின் உடலிலும் தொடர்ந்து ஓடும். பாறையில் ஓடிய விரிசல் உடலருகே வந்து மறைந்துபோனால், அவ்வுடல் பின்னர் வைத்துப் பூசப்பட்டதாகலாம். ஃபேகாப்ஸ் வகையாயின் கண்களைப் பாருங்கள்: மெய்யில் கண்ணின் சிறு வில்லைகள் வரிசையாய் மணிமணியாகத் தெரியும், போலியில் பெரும்பாலும் வழவழவென்றிருக்கும். புறஊதா விளக்கின்கீழ்ப் பசையும் பூச்சும் பலவேளை கல்லினின்று வேறாக ஒளிரும். விற்பவர் இசைந்தால், மூலையில் சிறிது அசிட்டோன் தொட்டுப் பார்க்கலாம். வண்ணம் கரைந்து வரின் அதுவே விடை.

சுறாப்பல் மெய்யாயிருக்க, அதன் வேர் மணலும் பசையுமாய் இருப்பதுண்டு. பண்டைக் கடற்பல்லிகளின் தாடை என விற்பவற்றுள் பற்கள் மட்டும் மெய்யாக, தாடையே செய்யப்பட்டதாய் இருப்பதுமுண்டு. செடிபோல் கிளைத்த கருங்கோடுகள் பல, செடியே அல்ல; பாறை இடுக்கில் மாங்கனீசுத் தாது படர்ந்த தடங்கள்.

எல்லாச் சோதனைகளினும் மேலானது ஒரு கேள்வி: “இது எங்கே எடுத்தது? இதில் எவ்வளவு பழுதுபார்த்தது?” ஒட்டுவதும் செப்பனிடுவதும் குற்றமல்ல, மறைப்பதே குற்றம். இடம் கூறாதவரிடம் வாங்கவேண்டாம். இடம் கூறினாலும், அங்கிருந்து எடுத்துவர உரிமை உண்டா என்று கேளுங்கள். பிரேசிலில் புதைபடிவங்கள் 1942 முதல் அரசின் உடைமை. அங்கிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ‘உபிரஜாரா’ என்னும் தொன்மாவின் எச்சம் 2023-இல் தாய்நாட்டிற்குத் திருப்பியளிக்கப்பட்டது. நம் சாத்தனூர், திருவக்கரை கல்மரங்கள் பாதுகாக்கப்பட்ட தேசியச் சின்னங்கள். அங்கிருந்து பெயர்த்தது என்று எவரேனும் துண்டு நீட்டினால், அது மெய்யாயினும் தொடலாகாது. சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் கல்மரத்தைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு எந்த வணிகரின் உதவியும் தேவையில்லை. மெய்யானதை முன்பே கண்டு பழகிய கண்ணை ஏய்ப்பதும் கடினம்.

பொருள் குறைவாயின், ‘வார்ப்பு’ என்று பெயரிட்டு விற்கும் வார்ப்பையே வாங்கலாம். அருங்காட்சியகங்களிலும் அத்தகையவை உண்டு. தன்னை நகலென்று ஒப்புக்கொள்ளும் நகல் பொய்யன்று.

ஆசிரியர் கண்காட்சியில் இருவரிடம் அக்கேள்வியைக் கேட்டாராம். ஒருவர், தம்மிடமுள்ளது பழுதே இல்லாதது என்று சாதித்தார். எங்கே எடுத்தது என்பதற்கு விடையில்லை. மற்றவர் சிறியதொன்றைக் காட்டி, அல்னிப்பில் எடுத்தது, வால்பகுதியில் ஒரு விரிசலை ஒட்டியிருக்கிறேன் என்றார். இரண்டாமதே வாங்கப்பட்டது. இன்று அது பள்ளியின் கண்ணாடிப் பேழையில் உள்ளது. அதனருகே மாணவர் எழுதிய அட்டையில் பெயர், கிடைத்த இடம், காலம் ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு வரியும் உண்டு: ‘வால்பகுதி ஒட்டப்பட்டுள்ளது.’ அந்த நான்காவது வரி, பிள்ளைகள் கற்ற பாடத்தின் பெரும்பகுதி என்பது நம் எண்ணம்.