பரண் ஒதுக்கிய கோடை

ஆண்டுதோறும் இரண்டாமாண்டு மாணவர்க்குப் பதிப்பு வரலாறு கற்பிக்கும் பொறுப்பு நம்மிடம் வருவது வழக்கம். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியதையும், 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியதையும், ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட சுவடிகளின் கதையையும் சொல்லி முடிக்கையில் வகுப்பில் ஓர் அமைதி நிலவும். நாமும் சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்வோம். அவ்வாறு பேசிப் பழகிய நாம் சென்ற கோடை விடுமுறையில் நம் வீட்டுப் பரணை ஒதுக்கிய விதத்தை இம்மலரில் எழுதுவதற்கு நாணமாகவே இருக்கிறது. எனினும் துறைத்தலைவர் கட்டுரை கேட்டபோது மனத்தில் வேறொன்றும் ஓடவில்லை.

நம் உம்மா அவர்கள் கோவில்பட்டியில் நாற்பது ஆண்டுகள் தையல் தைத்தவர்கள். 1891இல் தோன்றிய லாயல் மில்லும், 1901இல் நிறுவப்பெற்ற வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இக்கரிசலின் பருத்தியை ஒட்டி எழுந்தவை. கருங்கண்ணிப் பருத்தி வெடித்துக் கிடந்த மண்ணில் நூலுக்குக் குறைவில்லை. உடுப்பவர் கையில் காசுதான் குறைவு. மழை தவறிய ஆண்டில் தீப்பெட்டி ஒட்டும் கூலியே பல வீடுகளுக்குச் சோறு. அத்தகைய வீட்டுப் பெண்களே உம்மாவிடம் ரவிக்கையும் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைக்கக் கொடுத்தனர். வெட்டியபின் விழும் துண்டுத்துணிகளை உம்மா எறிவதில்லை. ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே பழஞ்சேலையை மடித்து வைத்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளை விரிப்பாக்குவார்கள். தெருவில் எந்தச் சமயத்தார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நாற்பது நாளைக்குள் அவ்விரிப்பு ஒன்று போய்ச் சேரும்.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனத்தார் வாழ்கின்றனர். இந்து, கிறித்தவர், முஸ்லிம் என மூன்று சமயத்தவரும் அவர்களுள் உண்டு. அவ்வினப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் போர்வை தைப்பர். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்து வருவர். மூலைகளில் பூவென்று சிறு துணி வைக்காமல் முடிப்பதில்லை. இதனைப் படித்து வியந்து உம்மாவிடம் சொன்னோம். ‘மூலையில பூ வச்சா பிள்ளை பிடிச்சு வாயில வைக்குமே’ என்று முடித்துவிட்டார்கள்.

பரணில் இருந்தவை இரண்டு டிரங்குப் பெட்டிகளும் ஒரு சாக்கு மூட்டையும். பெட்டிகளில் மகளிர் இதழ்களின் தையற் பக்கங்கள், பூவேலைப் படங்கள், வார இதழ்களிலிருந்து கத்தரித்த துணுக்குகள். அவற்றோடு துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த ஜெர்மானிய இதழ்கள் ஒன்பது. ஆன்னே புர்டா என்னும் அம்மையார் 1950இல் தொடங்கிய இதழ் அது. அவர் பெயராலேயே வழங்கிற்று. மாமா பெயரைச் சொன்னதும், பர்தா தைக்கக் கற்பிக்கும் மார்க்க நூலென்று எண்ணி உம்மம்மா முத்தமிட்டு வாங்கியதும், நடுப்பக்கத்தைப் பிரித்த வேகத்தில் மூடியதும் நம் குடும்பத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி. உள்ளிருந்த பெருந்தாளில் பல உடைகளின் வெட்டுக்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும். அம்மொழியில் ஓர் எழுத்தும் அறியாத உம்மா வேண்டிய கோட்டை மட்டும் விரலால் தொடர்ந்து சென்று பிரித்தெடுப்பார்கள்.

சாக்கில் இருந்தவை வெறும் அளவுத் தாள்கள். கை, கழுத்து, முதுகு, முன்பாகம் எனப் பழைய நாளிதழிலும் சிமெண்டுப் பையின் தடித்த தாளிலும் வெட்டியவை. தாளில் அளவு வெட்டி விற்பதை 1863இல் எபனேசர் பட்டரிக் என்னும் அமெரிக்கத் தையற்காரர் பெருந்தொழிலாக்கினார். கோவில்பட்டியில் அதற்குப் பழைய நாளிதழே போதுமாயிருந்தது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருக்கும். தையற்காரர் குறிகள் என்றே சிறுவயது முதல் எண்ணியிருந்தோம்.

வீட்டின் தளம் ஒழுகியது; மழைக்கு முன் இடித்துப் போடவேண்டும். உம்மா லாத்தா வீட்டிற்குச் சென்றிருந்த நான்கு நாளில் பரணை முடித்துவிட எண்ணினோம். ஆய்வு நெறி அறிந்தவர் அல்லவா! இதழ்களை ஆண்டு வாரியாக, திங்கள் வாரியாக அடுக்கினோம். புர்டாவுக்குக் கண்ணாடித்தாள் உறையிட்டோம். சாக்கைப் பழைய பேப்பர்க் கடைக்கு அனுப்பினோம். பதினான்கு கிலோ. நம் எம்.ஃபில். ஆய்வு கரிசல் புனைகதைகளின் வட்டாரச் சொற்களைப் பற்றியது. பிறர் பொருட்படுத்தாத சொற்களைப் பொறுக்கி அகராதியாக்கிய இடைசெவல் கி.ராஜநாராயணனைப் பக்கம் பக்கமாகப் பாராட்டி எழுதியிருக்கிறோம். அவ்வாய்வேட்டின் தட்டச்சுக் கூலியே அந்தச் சாக்கிலிருந்த தாள்கள் ஈட்டித்தந்த பணம் என்பது அன்று நினைவில் எழவில்லை.

திரும்பி வந்த உம்மா பரணை நிமிர்ந்து பார்த்தார்கள். ‘சாக்கு எங்க வாப்பா?’ சொன்னோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘அதுல ஓதுற எழுத்துல்ல இருக்கு. வடை மடிச்சிருப்பாங்களே’ என்றார்கள்.

அப்போதுதான் விளங்கிற்று. கிறுக்கல் அன்று, அரபுத்தமிழ். தமிழை அரபி எழுத்தால் எழுதும் முறை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு உள்ள எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிக்கொள்வர். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் மார்க்க நூல்களும் பாடல்களும் கடிதங்களும் இவ்வெழுத்தில் எழுந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இதில் எழுதியோருள் பெரியவர். இவையெல்லாம் நாம் அறிந்தவையே. ‘அரபுத்தமிழ் – குறிப்பு வரைக’ என்று இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்டும் இருக்கிறோம். கடற்கரையூரில் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் ஓதற்பள்ளியில் மட்டும் கற்ற உம்மாவுக்கு அதுவே கைவந்த எழுத்து என்பதை மட்டும் அறியவில்லை.

மறுநாள் கடை திறக்குமுன் போய் நின்றோம். பெரும்பகுதி லாரியில் ஏறிவிட்டது. தராசின் பின்னால் ஒரு கட்டு மீந்திருந்தது. நாற்பத்து மூன்று தாள்கள். கொடுத்த விலைக்கு இருமடங்கு கொடுத்து மீட்டோம்.

சன்னலோரம் அமர்ந்து, கண்ணாடியை மூக்கில் தாழ்த்தி, உம்மா ஒவ்வொரு மூலையாகப் படித்தார்கள். நாம் நோட்டில் எழுதிக்கொண்டோம். முதலில் பெயர், பிறகு இஞ்சுக் கணக்கு. அதன்பின் வேறு சொற்கள் வந்தன. ‘பாதி கூலி வந்தது’, ‘தீப்பெட்டிக் கூலி கிடைச்சதும் தருவா’, ‘வாங்கலை’. ஒரு தெருவின் முப்பதாண்டு வாழ்க்கை நம் முன் விரிந்தது. ஆய்வாளனுக்குரிய மகிழ்ச்சியில், ‘இதை அப்படியே பதிப்பிக்கலாம் உம்மா’ என்றோம்.

உம்மா கண்ணாடியைக் கழற்றினார்கள். ‘எதுக்கு? அவ மவன் இப்ப பேங்குல வேலை பாக்கான். உங்க அம்மா ரவிக்கைக்குக் கடன் வச்சான்னு ஊருக்குச் சொல்லவா? நான் அப்பவே பொறுத்துக்கிட்டேன்.’

‘பொறுத்துக்கொண்டால் ஏன் எழுதி வைத்தீர்கள்?’

‘அவளா ஒருநாள் கொடுக்க வந்தா எவ்வளவுன்னு தெரிய வேணாமா? கூடச் சொல்லிரக் கூடாதுல்ல.’

இரண்டு நாள் வாதாடினோம். பெயர்களை மறைத்து வெளியிடலாம் என்றோம், எழுத்தின் அருமையைச் சொன்னோம், உ.வே.சா.வையும் துணைக்கழைத்தோம். உம்மா கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து, நாற்பத்து மூன்று தாள்களிலும் எழுத்திருந்த மூலையை மட்டும் வெட்டினார்கள். நம் நோட்டில் எழுதிய நான்கு பக்கங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பின்னர் டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். நாம் ஆண்டு வாரியாக அடுக்கியவற்றில் ஏழு தாள்கள் நீங்கலாக மற்றனைத்தையும் தாமே கடைக்குத் தள்ளினார்கள், சிறிதும் தயங்கவில்லை. புர்டா ஒன்பதும் தையல் பயிலும் பெண்பிள்ளைகளுக்குப் போயின. ‘கோடு நல்ல கோடு, கழுத்தை மட்டும் மேல ஏத்தி வெட்டச் சொல்லு’ என்பது உம்மாவின் கட்டளை.

மூலைத்துண்டுகளை எரிக்கவோ குப்பையில் இடவோ உம்மா இசையவில்லை, ஓதுகிற எழுத்து. கைக்குட்டையில் முடிந்துகொண்டு, இடைசெவல் செல்லும் வழியிலுள்ள நண்பர் ஒருவரின் புன்செய்க்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். கரிசல் அக்கோடையில் முழங்கை புகுமளவு வெடித்துக் கிடந்தது. உம்மா குத்தவைத்து அமர்ந்து, ஒவ்வொரு துண்டாக வெடிப்புக்குள் விட்டார்கள். சிலவற்றை விடுமுன் பெயரை மெல்லச் சொன்னார்கள். ஒன்றைச் சொல்லாமலே விட்டார்கள், நாமும் கேட்கவில்லை.

மூலையற்ற நாற்பத்து மூன்று தாள்கள் இப்போது நம் புத்தக அலமாரியில் ஒரு கோப்பில் இருக்கின்றன. வெள்ளிதோறும் அசருக்குப் பின் உம்மாவிடம் அரபுத்தமிழ் எழுத்துப் பயில்கிறோம். புள்ளிகளில் இன்னும் தடுமாறுகிறோம். ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. வெடிப்புகள் மூடிக்கொண்டன. நண்பர் அதன்மேல் உளுந்து விதைத்தார்.