சாம்பல் நகரத்தில் நிறம் தேடி

ஜனவரி மாதம், காலை ஏழு மணி. லண்டன் வெம்ப்ளியில் அக்கா வீட்டுக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. இலங்கையில், எங்கள் ஊரான யட்டியாந்தோட்டையில், மார்கழி விடியலில் களனி ஆற்றின் மேல் மூட்டம் படியும்போது, "என்ன குளிர்!" என்று கம்பளிக்குள் சுருண்டுகொள்வோம். அதையெல்லாம் குளிர் என்றா சொன்னோம்! இங்கே மூச்சு விட்டால் புகை வருகிறது. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைவிட என்னை மலைக்க வைத்தது வேறொன்று. நிறமே இல்லை! வானம் சாம்பல், தெரு சாம்பல், மரங்களில் ஓர் இலைகூட இல்லை. றப்பர், தேயிலை, வாழை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சையைப் பார்த்தே வளர்ந்த கண் எனக்கு. இந்த ஊரில்தான் அக்கா மகனுக்குப் பச்சையும் சிவப்பும் எவ்வளவு தெரிகின்றன என்று அளக்கப் போகிறார்கள்.

அவனுக்கு விமானி ஆக ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அதே பேச்சுத்தான். விமானிக்கான முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையில் மற்றெல்லாம் நன்றாகவே முடிந்தன. கடைசியில் இஷிஹாரா புத்தகத்தை விரித்தார்கள். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். 24 அட்டைகள் கொண்ட பதிப்பில் முதல் 15 அட்டைகளை ஒரு பிழையும் இல்லாமல் வாசித்தால்தான் தேர்ச்சி. பையன் தடுமாறிவிட்டான். அக்கா அன்றிரவு முழுக்க அழுதாள். ஆனால் கதவு அதோடு மூடுவதில்லை. அட்டையில் தவறியவர்களுக்கு இரண்டாவதாக ஒரு சோதனை உண்டு. அதை உருவாக்கிய இடத்துக்கே போகிறோம் என்றதும் நானும் கூடவே கிளம்பிவிட்டேன்.

வெம்ப்ளி பார்க் நிலையத்தில் ரயில் வரைபடத்தின் முன் நின்றேன். அடேயப்பா! சுரங்க ரயிலுக்கே பதினொரு பாதைகள், பாதைக்கு ஒரு நிறம். இவ்வளவு பெரிய நகரம் நிறத்தை நம்பித்தான் நகர்கிறது. பையனோ நிறத்தைப் பார்ப்பதே இல்லை, பாதையின் பெயரைத்தான் வாசிக்கிறான். "சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் மாமா" என்றான். அவனைப் போன்றவர்களுக்கென்று நிறத்தைச் சாராத வரைபடமும் இங்கே உண்டாம். கேட்டதும் மனம் குளிர்ந்தது. ரயிலுக்குள் ஈரக் கம்பளியும் காப்பியும் கலந்த வாசனை. பெட்டி நிறைய ஆட்கள், ஒரு குரல் இல்லை! அவிசாவளையில் ஹட்டன் பஸ் ஏறினால் பாட்டு, பேச்சு, கடலைக்காரர் கூவல் என்று காது நிறைந்துவிடும். இங்கே அத்தனை பேரும் தங்கள் மடியைப் பார்த்தபடி வருகிறார்கள்.

நிறப் பார்வையைச் சோதிக்கும் வழக்கம் பரவியதே ரயிலால்தான். 1875 நவம்பரில் சுவீடன் நாட்டு லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் மாண்டார்கள். நிறக் குறைதான் காரணமோ என்று சந்தேகித்த உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ரிதியோஃப் ஹோல்ம்கிரென், பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். 266 பேரில் 13 பேருக்கு நிறக் குறை இருந்தது. அந்த விபத்துக்கு நிறக் குறைதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்கு இன்றும் ஐயம் உண்டு. ஆனால் சோதனை நாடு நாடாகப் பரவிவிட்டது. ஒரு காலத்தில் எங்கள் ஊர் வரைக்கும் களனிவெளி ரயில் ஓடியது. சிவப்புக் கொடிக்கும் பச்சைக் கொடிக்கும் நின்று நகர்ந்த அந்தச் சின்ன ரயிலை நினைத்துக்கொண்டேன்.

கிங்ஸ் கிராஸில் மாறி ஏஞ்சல் நிலையத்தில் இறங்கினோம். அங்கே ஒரு நகரும் படிக்கட்டு! 61 மீட்டர் நீளம், 27 மீட்டர் உயரம். லண்டன் சுரங்க ரயிலில் இதைவிட நீளமானது இல்லை. மலைக்குத் தினமும் ஏறி இறங்கும் சனம் நாங்கள். கால் அசையாமல் இவ்வளவு உயரம் போவதை அம்மா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்! "வலப்பக்கம் நில்லுங்க மாமா" என்று பையன் என் கையைப் பிடித்து நகர்த்தினான். இடப்பக்கம் அவசரக்காரர்களுக்காம். எழுதப்படாத சட்டம்போல் அத்தனை பேரும் ஒழுங்காக ஒதுங்கி நிற்கிறார்கள்.

நார்த்தாம்ப்டன் சதுக்கத்தில் இருக்கிறது சிட்டி செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஜான் பார்பரின் குழு இங்கேதான், பிரித்தானிய விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஆதரவோடு, 'கேட்' என்ற கணினிச் சோதனையை உருவாக்கியது. விளக்கை அணைத்த அறை. என்னையும் ஓரமாக உட்கார விட்டார்கள். திரையில் சாம்பல் கட்டங்கள் கொதிக்கும் கஞ்சி மாதிரி ஓயாமல் துடிக்கின்றன. அதற்குள் மெல்லிய நிறச் சதுரம் ஒன்று மூலையிலிருந்து மூலைக்கு நகர்கிறது. எந்த மூலைக்குப் போனது என்று பார்த்து, நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் அடுத்த முறை நிறம் இன்னும் மங்குகிறது, தவறினால் கூடுகிறது. வெளிச்ச வேறுபாட்டை வைத்து யாரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் துடிப்பு. இஷிஹாரா அட்டைகளை மனப்பாடம் செய்துவிடலாம். இங்கே அது நடக்காது. என்ன யோசனை, என்ன யோசனை!

இதில் கிடைப்பது வெறும் தேர்ச்சி, தோல்வி இல்லை. ஓர் அளவு கிடைக்கிறது. இயல்பான பார்வையுள்ள 333 இளம் வயதினர் கண்டறிந்த மிக மெல்லிய நிறத்தின் சராசரிதான் ஓர் அலகு. கண்ணில் பச்சையை உணரும் உணர்வியில் குறையுள்ளவர் ஆறு அலகுக்குக் கீழே இருந்தால் விமானம் ஓட்டலாம். சிவப்பை உணரும் உணர்வியில் குறையுள்ளவருக்கு எல்லை பன்னிரண்டு. எல்லையைச் சும்மா போடவில்லை. ஓடுபாதை ஓரம் 'பாப்பி' என்று நான்கு விளக்குகள் உண்டு. விமானம் சரியான சரிவில் இறங்கினால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. தாழ்ந்துபோனால் நான்கும் சிவப்பு. அந்த விளக்குகளைப் போலவே அமைத்துக் காட்டி, இயல்பான கண்ணுக்குச் சமமாக யார் பிரித்தறிகிறார்கள் என்று பார்த்துத்தான் எல்லை வகுத்தார்கள். சிவப்புக் குறை உள்ளவருக்குச் சிவப்பு விளக்கு மங்கலாகத் தெரியும். அந்த மங்கலே அவருக்கு ஒரு துப்பு. அதனால்தான் அவர்களின் எல்லை தள்ளி நிற்கிறது. நிறக் குறை உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். பழைய அட்டை ஒன்றையே நம்பியிருந்தால் அத்தனை பேரும் வெளியேதான்.

கண்டிப்பு தேவையில்லை என்று சொல்லவில்லை. 2002 ஜூலை 26 விடியும் முன், அமெரிக்காவின் டல்லஹாசியில் ஒரு ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே மரங்களில் மோதி விழுந்தது. ஓட்டிய துணை விமானிக்கு நிறக் குறை இருந்தது; களைப்போடு அதையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. விமானத்தில் இருந்த மூவரும் உயிர் தப்பியது தெய்வாதீனம். பயணிகளை நம்பி ஒப்படைக்கும் கண்ணை நுணுக்கமாக அளக்கத்தான் வேண்டும்.

பையனின் அளவு வந்தது. பச்சைக் குறை, ஆறுக்குக் கீழே! நான் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். இந்தக் குறை தாய் வழியாக மகனுக்கு வரும் என்று விளக்கினார்கள். தகப்பனுக்கு இருந்தால் மகளுக்கு அந்த மரபணு கட்டாயம் போகும், மகனுக்குப் போகாது. உடனே அப்பாவின் நினைவு வந்தது. றப்பர் பால் வெட்டிய மனிதர், இருட்டில் மரம் மரமாகத் தடம் தவறாமல் நடப்பவர். ஆனால் லயத்துக்குப் பின்னாலிருந்த றம்புட்டான் மரத்தில் பழுத்த காய் எது என்று எங்களைத்தான் கேட்பார். "எல்லாம் ஒண்ணாத்தானே தெரியுது" என்பார். சோம்பல் என்று சனம் சிரிக்கும். அக்கா சுமந்து வந்து மகனுக்குக் கொடுத்தது அப்பாவின் கண்ணைத்தான். பாவம், அவர் உயிரோடு இருந்தவரை யாரும் இதை அவருக்குச் சொல்லவில்லை.

விமானம் பார்க்காமல் வீட்டுக்குப் போக மனமில்லை. பிக்கடில்லி பாதையில் ஹட்டன் கிராஸ் போய் இறங்கினோம். ஹட்டன்! ஐயாயிரம் மைலுக்கு அப்பால் எங்கள் மலைநாட்டுப் பெயர்ப்பலகை! நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. ஹீத்ரோவுக்கு விமானங்கள் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. புல்வெளியில் கமராவோடு நின்றவர்கள் ஒவ்வொன்றின் வகையையும் சொல்லி மகிழ்ந்தார்கள். விமானத்தின் இடது இறகில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை. எதிரே வரும்போது சிவப்பு நமக்கு வலப்பக்கம் இருக்கும். பையன் ஒன்றையும் தவறவிடவில்லை. "சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை" என்று கைகாட்டிக்கொண்டே இருந்தான். காலையில் நிறமே இல்லை என்றிருந்தேனே, அந்த வானத்தில் இவ்வளவு நிறம்!

ஊர் திரும்பியதும் எங்கள் தோட்டப் பாடசாலையில் இதைப் பேசப் போகிறேன். பிள்ளை விமானி ஆக வேண்டும் என்றால், நகையை அடகு வைத்து இரத்மலானையில் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்யுங்கள். அட்டையில் தவறினால், அடுத்த சோதனை என்ன என்று இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் கேளுங்கள். அளவு எல்லைக்கு வெளியே போனாலும், காசு போகுமுன்னே தெரிந்துகொண்ட பிள்ளை வேறு வழியைத் தேர்ந்துகொள்ளும். பழுத்த றம்புட்டானைக் கண்டுபிடிக்க முடியாத பிள்ளை வகுப்பில் இருந்தால், அவனைப் பார்த்துச் சிரிக்காமல் கண்ணைச் சோதியுங்கள்.